ஒரு பக்கம், மூன்று அல்பம்

எங்கள் சஞ்சிகைக்கு 32 பக்கம். போட்டோகொப்பிக் கடையில் 200 பிரதி அடித்து, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று பையில் போட்டுக்கொண்டுபோய்க் கொடுப்போம். கவிதை, சிறுகதை, ஒரு புத்தக விமர்சனம், மறுகா யாராவது பெரியவருக்கு ஓர் அஞ்சலி. இந்த முறை அஞ்சலிக்கு ஆள் கிடைக்கவில்லை. நல்ல விசயம்தான், ஆனால் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது. "பாட்டு விமர்சனம் ஒண்டு போடுவமே" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

சினிமாப் பாட்டு வேண்டாம் என்பதில் தகராறு இல்லை. அதற்கு ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது வேறு சாமான்: பெரிய கம்பனிகளை நம்பாமல் தாங்களே அல்பம் போடுகிறவர்கள், அல்லது பாட்டு வெளியிடுகிற சின்ன நிறுவனங்களோடு, அதாவது லேபிள்களோடு, நிற்கிறவர்கள். பழைய பாட்டுச் சாயலில் கிற்றாரோடு பாடுகிற ஃபோக், அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கண்ட்ரி, வேகமும் சத்தமுமான பங்க். போட்டோகொப்பி அடித்துக் கையால் விற்கிற எங்களுக்கு அவர்கள்மேல் ஒரு பாசம் வருவதில் ஆச்சரியம் இல்லை. தமிழில் அவர்களைப் பற்றி எழுதுகிறவர்களும் குறைவு.

மூன்று பேர் என்றேன். நான் கல்லடி. கூட்டாளி ஒருவன் அக்கரைப்பற்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறான். மற்றது தாண்டவன்வெளி அக்கா; சின்ன வயதிலிருந்து கோயில் பாடகர் குழாமில் பாடுகிறவர். ஆளுக்கு ஓர் அல்பம் தெரிவுசெய்தோம். மூன்றும் 2024இல் வந்தவை. ஆனால் இருப்பது ஒரு பக்கம், 400 சொல்லுக்கு மேல் பிடிக்காது. எதைப் போடுவது?

எது நல்ல அல்பம் என்பது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, மூன்றும் நல்ல அல்பம்தான். கேள்வி வேறு. வாசிக்கிறவர் தன்னிடம் இருக்கிற போனில் போட்டுக் கேட்டால் அந்தப் பாட்டு அவருக்குப் போய்ச் சேருமா? நாங்கள் எழுதுவது உண்மையாக இருக்குமா, அல்லது தெரிந்த மாதிரி நடிப்போமா? இந்த இரண்டுக்கும்தான் ஒரு மாதம் மல்லுக்கட்டினோம். காசு யாருக்குப் போகிறது என்ற மூன்றாவது கேள்வி பிறகு வந்தது.

எல்லாரும் முதலில் சொன்னது ஃபோக்கைத்தான். மட்டக்களப்பு ஆள் ஒருவரிடம் "நாட்டார் பாடல்" என்று சொல்லிப் பாருங்கள். கவி, வசந்தன், குளிர்த்தி, வடமோடி, தென்மோடி என்று மடை திறந்துவிடும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் யாழ் நூலை வெளியிட்ட கதையும் அந்த வெள்ளத்தோடு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. எங்கள் பக்கத்துக்கு நாட்டார் பாட்டுத்தானே பொருத்தம் என்று நினைத்து, அமெரிக்கப் பாடகி கிலியன் வெல்ச்சும் கிற்றார் வாசிக்கிற டேவிட் ரோலிங்ஸும் சேர்ந்து போட்ட 'வுட்லண்ட்' என்ற அல்பத்தை நான் எடுத்துக்கொண்டேன். 10 பாட்டு. அவர்களுடைய சொந்த லேபிளான அகோனி வெளியிட்டது. 2025 பெப்ரவரியில் சிறந்த ஃபோக் அல்பத்துக்கான கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற கதைதான் என்னை முதலில் பிடித்தது. வுட்லண்ட் என்பது நாஷ்வில் நகரத்தில் அவர்கள் சொந்தமாக வைத்திருக்கிற ஒலிப்பதிவுக்கூடம். 2020 மார்ச்சில் ஓர் இரவு சூறாவளி அடித்துக் கூரையைக் கிழித்துவிட்டது. மழை உள்ளே கொட்ட, இருட்டுக்குள் நின்று தங்கள் பழைய ஒலிநாடாக்களைத் தூக்கித் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். பிறகு கட்டடத்தைத் திருத்தி அதே இடத்தில் செய்த அல்பத்துக்கு அதே பெயர். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது வேறு மாதிரிக் கேட்கும். எங்கள் வீட்டில் ஓடு பறந்தபோது அப்பா முதலில் தூக்கியது காணி உறுதி வைத்த தகரப் பெட்டியை. அவர்கள் தூக்கியது பாட்டை.

சரி, இதை வைத்தே 400 சொல் எழுதிவிடலாம். எழுதியும் விட்டேன். அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன்.

என் கட்டுரையில் ஒரு பந்தி இப்படிப் போனது: வெல்ச் பாட, ரோலிங்ஸ் சேர்ந்துகொள்வது நம் கூத்தில் அண்ணாவியாருக்குப் பிற்பாட்டுக்காரர் கைகொடுப்பது போல. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரியில் வந்தது: "நீ ரெண்டாவது குரலக் கேக்கவே இல்ல."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவர் எங்கள் விறாந்தையில் இருந்து அதை விளக்கினார். கூத்தில் பிற்பாட்டு என்றால், முன்னால் பாடிய வரியை அதே மெட்டில், அதே சுருதியில் பின்னால் நிற்பவர்கள் வாங்கிப் பாடுவது. ஆள் கூடும், சத்தம் கூடும், சுரம் ஒன்றுதான். இவர்கள் செய்வது அதுவல்ல. இரண்டு பேரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள், ஆனால் இரண்டு வேறு சுரத்தில். ஒருவர் போகிற பாதைக்குப் பக்கத்தில் மற்றவர் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டு போகிறார். சில இடத்தில் இரண்டும் கிட்ட வந்து உரசும், பிறகு விலகும். "பொம்பிளைட குரல விட்டுடு. ஆம்பிளைட குரல மட்டும் பிடிச்சிட்டுப் போ பாப்பம்" என்றார். ஒரு பாட்டை நான்கு முறை போட்டோம். மூன்று முறையும் என் காது வழுக்கி வெல்ச்சிடம் போய் நின்றது. நான்காவது முறை அக்கா ரோலிங்ஸின் வரியைத் தானே முணுமுணுத்துக் காட்ட, அதைப் பிடித்துக்கொண்டு போனேன். அப்போதுதான் கேட்டது. அதுவரை நான் கேட்டது பாதிப் பாட்டு.

ஒற்றை மெட்டுக்குப் பழகிய காது எங்களுடையது. கூத்து, கவி, காவியம் எல்லாமே ஒரு மெட்டை நீட்டி, நெளித்து, திருப்பித் திருப்பிச் சொல்கிறவை. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காதோடு போய் "இதுவும் நம்மட நாட்டார் பாட்டுத்தான்" என்று எழுதினால் அது பொய். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கவிக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. யாரோ வயலில் பாடினது, யாரோ கேட்டு மாற்றினது. இன்று ஃபோக் என்ற பெயரில் வருகிறதில் பெரும் பகுதி ஒருவர் உட்கார்ந்து தன் பெயரில் எழுதின பாட்டு. பழைய பாட்டின் உடுப்பைப் போட்டிருக்கும், ஆளோ புது ஆள். அதை "நாட்டார்" என்று மொழிபெயர்த்த அந்த நிமிடமே நான் வழி தவறிவிட்டேன்.

அடுத்தது, கேட்கிற வசதி. 'வுட்லண்ட்' சத்தம் போடாத அல்பம். முதல் பாட்டில் ஒரு வெறும் சரக்கு ரயில் போகிறது; பெட்டியின் திறந்த கதவுக்குள்ளால் அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது. நடப்பது அவ்வளவுதான். ரோலிங்ஸ் வாசிக்கிற கிற்றார் 1935இல் செய்த ஒரு சின்ன எபிஃபோன். அதன் ஒலி மெல்லிசாக, கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி வரும். அந்த மூக்கொலிதான் அதன் அழகு. எங்கள் வீட்டில் கடல் ஒரு பக்கம் இரைகிறது, மேலே நுளம்புக்காக ஃபேன் சுழல்கிறது, மாரி தொடங்கினால் பின் தாழ்வாரத் தகரத்தில் மழை. போன் ஸ்பீக்கரில் போட்டால் கிற்றாரைக் காணவே கிடைக்காது. 200 வாசகரில் எத்தனை பேரிடம் ஒழுங்கான ஹெட்செற் இருக்கும்? அமைதியான ஓர் அறையும் அரை மணித்தியாலமும் ஒன்றாகக் கிடைக்கிற வீடு எத்தனை?

கண்ட்ரிக்கு வருவோம். இதைக் கொண்டுவந்தவன் கூட்டாளி. எனக்கு முதலில் ஒரு இளக்காரம்தான். தொப்பி, சப்பாத்து, பிக்கப் வாகனம் என்று நாஷ்வில் கம்பனிகள் அச்சில் வார்த்து விற்கிற சாமான் என்ற எண்ணம். ஆனால் யோசித்துப் பார்த்தால், மேற்கத்திய இசையில் மட்டக்களப்புக் காதுக்கு ஏற்கனவே பழக்கமானது இதுதான். கண்ட்ரிப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1964இல் விமான விபத்தில் செத்துப்போனவர். இலங்கையில் அவர் இன்னும் சாகவில்லை. எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருந்த பறங்கி அங்கிள் தச்சுவேலைக்காரர். பட்டறையில் கசெற் ரேடியோவில் பகல் முழுக்க ஜிம் ரீவ்ஸ் ஓடும். விசேசம் என்றால் வயலினை எடுத்துக் கஃப்ரிஞ்ஞா என்கிற பறங்கியர் ஆட்டப் பாட்டு வாசிப்பார், அது முடிந்தால் மறுபடி ஜிம் ரீவ்ஸ். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாத என் பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுப்பார்.

இழுத்து வழுக்கும் அந்த ஒலியும் எங்களுக்கு அந்நியம் இல்லை. பெடல் ஸ்டீல் என்கிற கிற்றாரைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, தந்தியின்மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும். ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த பழக்கம் அது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வழுக்கல் உடனே பிடிபடும். ஃபோக்கின் இரண்டாவது குரலைப் பிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பெடல் ஸ்டீலுக்கு அரை நிமிடம் போதும்.

கூட்டாளி தெரிவுசெய்த அல்பம் சார்லி குரோக்கெட்டின் 'பத்து டொலர் கவ்போய்'. 12 பாட்டு, 2024 ஏப்ரலில் அவருடைய சொந்த லேபிளில் வந்தது. கண்ட்ரியோடு அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான சோலும் புளூஸும் கலந்த பாட்டுகள். பாட்டுக்குள் இருக்கிறவர்கள் எல்லாம் சூதில் தோற்றவர்கள், ஊர் ஊராக அலைகிறவர்கள், களைத்துப்போனவர்கள். டொலர் ஒன்று சுமார் 300 ரூபாய் என்றால் பத்து டொலர் 3000. பாட்டு வாங்க எங்களுக்கு இருக்கிற மாத பட்ஜெட்டும் அதேதான். இதைச் சகுனமாக எடுத்தவர்களும் எங்களில் உண்டு.

கவ்போய் என்றதும் நான் துள்ளி எழும்பினேன். மாட்டுக்காரன்! எங்களிடம் இல்லாத மாட்டுக்காரனா? தயிருக்குப் பேர்போன மாவட்டம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் ரோட்டோரம் உட்கார்ந்த கதை ஊருக்கே தெரியும். அதையும் குரோக்கெட்டையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்தால் விமர்சனம் தானாக எழும்பி நிற்கும் என்று நினைத்தேன். கூட்டாளி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மச்சான், இவர்ட கையில ஒரு கண்டுக்குட்டி சரி இரிக்கா?"

இல்லை. அல்பத்தில் மாடு மேய்க்கிறவர் யாரும் இல்லை. கவ்போய் என்பது அந்த ஊரில் ஒரு வேடம். தனியே திரிகிறவனுக்கெல்லாம் போட்டுக்கொள்ளக் கிடைக்கிற தொப்பி. எங்கள் பட்டிக்காரரோ தனி ஆள் இல்லை. அவருக்குக் குடும்பம், பட்டி, குறிசுடுகிற காலம், தயிர்ச் சட்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பால் என்று ஆயிரம் கயிறு. பெயர் ஒத்துப்போனதைப் பார்த்து ஃபோக்கில் வழுக்கினவன், அதே வாழைப்பழத் தோலில் இரண்டாவது தரமும் கால் வைத்திருக்கிறேன்.

ஆனால் கூட்டாளி வேறு ஒன்றைக் காட்டினான், அது நின்று பிடித்தது. குரோக்கெட் 1984இல் டெக்சஸில் பிறந்தவர். லேபிள், மேடை எல்லாம் வருவதற்கு முன் நியூ ஓர்லியன்ஸ் தெருக்களிலும் நியூயோர்க்கின் சுரங்க ரயில்களிலும் பாடிப் பிழைத்தவர். அதைக் கேட்டபிறகு பாட்டைப் போட்டால் விளங்கும். உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொலன்னறுவைப் பக்கம் ஒருவர் ஏறுவார், கையில் ரபானோ இரண்டு சிரட்டையோ இருக்கும். அவருக்கு நீண்ட முன்னிசை போட நேரம் கிடையாது. ரயில் சத்தத்துக்கு மேலால், வடை விற்கிறவரின் குரலுக்கு மேலால், முதல் வரியிலேயே ஆளைப் பிடிக்க வேண்டும். அடுத்த பெட்டிக்குப் போவதற்குள் காசும் சேர வேண்டும். அப்படிப் பாடுகிறவர் சொல்லை இழுக்கமாட்டார். வெட்டி வெட்டி, சொல்லின் முதல் எழுத்தை அழுத்திப் போடுவார். குரோக்கெட் பாடுவது அப்படியே. பின்னால் பெரிய வாத்தியக்குழு வாசிக்கிறபோதும், யாரோ எழும்பி அடுத்த ஸ்டேசனில் இறங்கிவிடப் போகிறார்கள் என்கிற அவசரம் அந்தக் குரலில் இருக்கிறது.

இது என் காதால் சரிபார்க்கக்கூடிய ஒப்புமை. வாசகரும் சரிபார்க்கலாம். ரயிலில் பாடுகிறவரைக் கேட்காத ஆள் இலங்கையில் இல்லை. போன் ஸ்பீக்கரிலும் குரோக்கெட்டின் குரல் முன்னால் வந்து நிற்கிறது. ஃபேன் ஓடட்டும், மழை பெய்யட்டும், ரயிலையே சமாளித்த குரலுக்கு இது என்ன?

பங்க் அக்காவின் தெரிவு. நானும் கூட்டாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோயிலில் பாடுகிற அக்கா பங்க் கேட்கிறாரா என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார், மகள் போட்டுக் கேட்டதில் ஒட்டிக்கொண்டது என்று. லொஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த நான்கு பிள்ளைகள், லிண்டா லிண்டாஸ் என்று குழுவுக்குப் பெயர். 2021 மேயில் அவர்கள் தங்கள் நகரத்துப் பொது நூலகத்தில் பாடிய ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. வகுப்பில் ஒரு பையன், சீனர்களிடமிருந்து விலகி இருக்கச் சொல்லித் தன் தகப்பன் சொன்னதாக அந்தக் குழுவில் ஒரு பிள்ளையிடம் வந்து சொல்லியிருக்கிறான். அந்தப் பையனுக்குப் பதிலாக எழுதின பாட்டு அது. புத்தக அலுமாரிகளுக்கு நடுவில் நின்று அப்படி ஒரு சத்தம்! 2024இல் வந்த அவர்களின் அல்பம் 'நோ ஆப்ளிகேஷன்', எபிடாஃப் என்கிற சுயாதீன லேபிளில்.

பங்க் பற்றி எழுதுவது சுலபம் என்றுதான் நினைத்தேன். ரமோன்ஸ் என்ற அமெரிக்கப் பங்க் குழு 1976இல் போட்ட முதல் அல்பத்தில் 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். அந்த வழியில் வந்தவர்களும் சுருக்கமாகத்தான் முடிப்பார்கள். கல்லடிப் பாலத்தில் நெரிசல் என்றால் ரவுனுக்குப் போய்வருவதற்குள் ஓர் அல்பம் முடிந்துவிடும். டேட்டாவும் குறைவாகத்தான் போகும். நல்ல தரத்தில் கேட்டாலும் நிமிடத்துக்கு 2.4 எம்பி, அரை மணித்தியால அல்பத்துக்கு 72. அதோடு, எங்கள் சஞ்சிகைக்கு நேரடிப் பாட்டன்மாரும் இவர்கள்தான். 1977 ஜனவரியில் மன்செஸ்டரில் பஸ்கொக்ஸ் என்ற குழு 500 பவுண் கடன் வாங்கித் தாங்களே ஓர் இசைத்தட்டு அடித்தது, முதலில் 1000 பிரதி. அதே காலத்தில் லண்டனில் ஒரு வங்கி எழுத்தர் தட்டச்சில் அடித்துப் போட்டோகொப்பி எடுத்துப் பங்க் சஞ்சிகை விற்றார். கடையில் டோனர் முடிந்து கடைசி 40 பிரதி மங்கலாக வந்த எங்கள் முந்திய இதழை அவர் பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் வரவில்லை. "கத்துகிறார்கள்" என்று எழுதினேன், அதற்கு மேல் பேனை ஓடவில்லை. கோபத்தைத் தமிழில் விளக்கினால் கோபம் போய்விடுகிறது. மிஞ்சுவது பாடசாலைச் சுவரில் எழுதுகிற நற்சிந்தனை. கூட்டாளி அந்த அல்பத்தில் ஒரு பாட்டைத் தன் தரம் 10 பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினான், பாடம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில். பையன்கள் சிரித்தார்களாம். பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் இரண்டாம் முறை போடச் சொல்லியிருக்கிறது. "ஏன் இப்பிடிக் கத்துறாங்க எண்டு நினைக்கிறீங்க?" என்று இவன் கேட்க, அந்தப் பிள்ளை திருத்தியது: "கத்தல்ல சேர். ஏசுறாங்க."

எனக்கு ஒரு வாரம் கிடைக்காத சொல் அது. கத்துகிறவருக்கு எதிரில் ஆள் தேவையில்லை. ஏசுவதற்கு ஆள் வேண்டும், காரணம் வேண்டும், முக்கியமாக உரிமை வேண்டும். எங்கள் ஊரில் பெரியவர் சின்னவரை ஏசலாம், தாய் மகளை ஏசலாம். 14, 15 வயதுப் பிள்ளை ஊரை ஏசுவதற்கு இடமே கிடையாது. லிண்டா லிண்டாஸ் அந்த இடத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். அல்பத்தில் ஸ்பானிய மொழியிலும் ஒரு பாட்டு இருக்கிறது, அக்கோடியனோடு. வாசித்தவர் கேலிப் பாட்டுகளுக்குப் பேர்போன 'வியர்ட் அல்' யான்கோவிக். ஏச்சுக்கு நடுவில் இப்படி ஒரு சிரிப்பு வருவதும் நல்லதுதான், முழுக்க ஏச்சு என்றால் யார் கேட்பார்கள்?

அப்படியென்றால் பங்க் விமர்சனத்தை எழுத வேண்டிய ஆள் நான் இல்லை. 45 வயதில், வேட்டியோடு விறாந்தையில் இருந்து, பள்ளிப் பிள்ளைகளின் கோபம் நியாயமானது என்று சான்றிதழ் கொடுக்கிற வேலையை நான் செய்யக்கூடாது. எழுதத் தெரிந்த ஆள் அக்கரைப்பற்றில் பின் வாங்கில் இருக்கிறது. கூட்டாளி கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். உம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. பெயர் போடாமல் போட்டாலும் சரி என்று சொல்லி அனுப்பினோம்.

இனிக் காசு விசயம். இதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் இல்லை, ஆனால் சொல்லாமல் விட ஒண்ணாது. ஸ்பொட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குப் பணம் கணக்கில் ஏறும். மேலே சொன்ன மூன்று பேருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை, இலட்சக்கணக்கில் ஓடுகிறது. ஆனால் நாளைக்கு இன்னும் சின்ன ஆட்களைப் பற்றி எழுதினால், எங்கள் 200 வாசகரும் ஆளுக்கு இரண்டு முறை கேட்டாலும் ஒரு சதம் போகாது. அதனால், விமர்சனம் எழுதுகிற அல்பத்தை நாங்கள் காசு கொடுத்து ஒரு பிரதியாவது வாங்குவது என்று முடிவெடுத்தோம். பாண்ட்காம்ப் போன்ற தளத்தில் வாங்கினால், டிஜிட்டல் அல்பத்துக்குத் தளம் எடுப்பது 15 வீதம். அட்டைக் கட்டணமும் போக, மிச்சம் பாடினவருக்கு அல்லது அவருடைய லேபிளுக்கு.

இங்கே கண்ட்ரிக்கு ஒரு கரும்புள்ளி. குரோக்கெட்டின் அடுத்த அல்பம் 2025 மார்ச்சில் வந்தது, ஐலண்ட் லேபிளில். ஐலண்ட் என்றால் யுனிவர்சல், உலகத்திலேயே பெரிய இசைக் கம்பனி. சுயாதீனக் கலைஞர் என்று நாங்கள் எழுதப்போகிற ஆள், எங்கள் இதழ் அச்சுக்குப் போகுமுன்பே கம்பனிப் படி ஏறிவிட்டார். கூட்டாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. ரயிலில் பாடினவருக்கு முதல் வகுப்பில் இடம் கிடைத்தால் ஏறத்தான் செய்வார். எங்கள் பக்கத்தில் அதை ஒளிக்காமல் ஒரு வரி எழுதினால் போதும். 'பத்து டொலர் கவ்போய்' அவருடைய சொந்த லேபிளில் வந்தது, விமர்சனம் அதற்குத்தான். மற்ற இரண்டு பேரில் வெல்ச்சும் ரோலிங்ஸும்தான் இந்தக் கணக்கில் ஆகச் சுத்தம்: பாட்டும் அவர்களுடையது, லேபிளும் அவர்களுடையது, கூரையும் அவர்களுடையது.

இந்த இதழின் பக்கம் கண்ட்ரிக்குப் போகிறது. காரணம் கவ்போய் இல்லை, மேய்ச்சல்தரையும் இல்லை, அந்தப் பந்தியை நானே வெட்டிவிட்டேன். ரயில் பந்தி நிற்கிறது. நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் தலையாட்டினது அந்த அல்பத்துக்குத்தான். எங்களிடம் இருக்கிற காதாலும் போனாலும் முழுதாகக் கேட்க முடிந்ததும் அதைத்தான். இதே யோசனையில் இருக்கிற வேறு ஆட்களுக்குச் சொல்வதென்றால்: உங்களில் யாராவது பாடகர் குழாமில் பாடினவர் இருந்தால், இராத்திரியில் சத்தம் இல்லாத வீடும் இருந்தால், ஃபோக்கிலேயே தொடங்குங்கள். நாங்கள் அள்ள முடியாமல் விட்டது அங்கே நிறையக் கிடக்கிறது. வாசகர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்றால் பங்க்கைத் தவிர வேறு யோசனையே வேண்டாம், ஆனால் எழுதுகிற வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். எங்களைப் போல நடுவயதும் ஃபேன் சத்தமுமாக இருக்கிறவர்களுக்குக் கண்ட்ரி.

அல்பத்தை வாங்கப் போனபோது என் வங்கி அட்டை இரண்டு முறை மறுத்துவிட்டது. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட வேண்டும் என்றார்கள், அதற்கு ஒரு படிவம், படிவத்துக்கு ஒரு வரிசை. கடைசியில் கூட்டாளியின் அட்டையில் போனது. 3000 ரூபாயை இன்னும் நான் கொடுக்கவில்லை, இந்தப் பக்கத்தை அவன் வாசித்தால் கேட்பான்.

'வுட்லண்ட்' தை மாதத்துக்குப் பிறகு. மழை விட்டிருக்கும், தகரமும் சும்மா இருக்கும். அக்காவே எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் வீட்டுப் பின்னறையில் இரவு ஒன்பதரைக்கு மேல் மூன்று பேரும் சேர்ந்து கேட்பதாக ஏற்பாடு. நுளம்புக்கு என்ன செய்வது என்று கேட்டேன். சுருள் கொளுத்தி வைக்கலாம், ஆனால் ஃபேன் போட விடமாட்டேன் என்றார்.